பேய்க்கும் ஒரு ரெக்கார்டு ரூம் வேண்டும்

போன மாதம் புதுக்குளக் கரையில் காலை நடையின்போது நண்பர் ஒருவர் என்னை நாலு பேர் முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றவர். இருபது வருடப் பழக்கம்.

"என்ன சார், பேரனுக்குத் திருட்டு சொல்லிக் குடுக்கிறீங்களாமே? அதுவும் பேய் வெளையாட்டுத் திருட்டு?"

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கரையில் நின்று வாதாடுகிற வயதில்லை. மேலும் அவர் குரல் வகுப்பறைக் குரல், என் குரல் ஃபைல் புரட்டுகிற குரல். ஆகவே வழக்கம்போல எழுத்தில் பதில். அவர் இதைப் படிப்பார் என்று தெரியும்.

நடந்தது இதுதான். 2004-ல் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கமெல்லாம் சிங்கப்பூர்ப் பெட்டியில் வராத பொருள் எது? தைலம், டார்ச் லைட், நைலக்ஸ் சேலை என்று வந்துகொண்டிருந்த வரிசையில் இதுவும் வந்தது. கூடவே ஒரிஜினல் தட்டு ஒன்று, 'சைலண்ட் ஹில் 2'. ஜப்பானில் கொனாமி என்ற கம்பெனி 2001-ல் வெளியிட்டது. பிறகு என் மகன் சென்னை பர்மா பஜாரில் வாங்கிவந்த தட்டுகள் சில. அவை திருட்டுத் தட்டுகள்தான், மறைக்கவில்லை.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு மகன் ஆடுவான். நான் ஈஸிசேரில் பின்னால். என் மனைவி அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "விளக்கு வைக்கிற வீட்ல இதென்ன கண்றாவி" என்பாள். ஆனால் எழுந்து போக மாட்டாள். அந்தக் கதையில் நாயகன் பையில் ஒரு சின்ன ரேடியோ வைத்திருப்பான். பூதம் எதுவும் கிட்டே வந்தால் ரேடியோ இரையும். சிற்றலையில் ஸ்டேஷன் தேடும்போது வருமே, அந்த இரைச்சல். கேட்டவுடன் அவள், "டேய் தம்பி, பின்னாடி பாருடா, பின்னாடி!" என்று மகனுக்கு முன்னால் கத்துவாள். 2006-ல் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். ஆட்டம் பாதியில் நின்றது. பெட்டியை ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

2018 நவம்பர் 16. தேதியைச் சொன்னாலே போதும், நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு எங்கும் தென்னையும் பலாவும் படுத்துக் கிடந்த அந்த கஜா ராத்திரியில் எங்கள் ஓட்டுக்கூரையும் பாதி பறந்தது. பரணில் தண்ணீர். மூன்று நாள் கழித்து வேட்டியை அவிழ்த்தால் பெட்டிக்குள்ளிருந்து வடிகிறது. வெயிலில் காயவைத்தோம். விளக்கு எரிந்தது, தட்டைப் படிக்கிற லென்ஸ் போய்விட்டது.

இப்போது பேரனுக்கு பதினைந்து வயது. போன கோடை விடுமுறையில் பரணைக் குடைந்து அந்தப் பெட்டியை இறக்கினான். கீழ ராஜ வீதியில் செல்போன் பழுதுபார்க்கும் பையன் ஒருவன் கெட்டிக்காரன். பெட்டியின் பிறவிக்குணம் அடங்கிய ஒரு சிறு நிரல் உள்ளே இருக்குமாம், பயாஸ் என்கிறார்கள். லென்ஸ் போனாலும் மெமரி கார்டு வழியாகப் பெட்டியைக் கிளப்பி, அந்த நிரலை யு.எஸ்.பி.யில் படியெடுத்துக் கொடுத்தான். தட்டு நன்றாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரின் டி.வி.டி. டிரைவில் போட்டுப் பேரன் அதையும் படியெடுத்தான். இரண்டையும் தன் போனில் ஒரு எமுலேட்டரில் சேர்த்தான். சைலண்ட் ஹில் ஓடியது. இதைத்தான் தலைமையாசிரியர் திருட்டு என்கிறார்.

எமுலேட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் துபாஷி என்று சொல்வேன். நான் காரைக்காலில் பிறந்தவன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954-ல் வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனபின்பும் எங்கள் பள்ளியில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. பிறகு அம்மா ஊரான இந்தப் பக்கம் வந்து, 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது ஆள் தேவைப்பட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தமிழில் குறிப்பு எழுதவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. ஆகவே இரண்டு பாஷைக்கு நடுவில் நிற்பவன் படும் பாடு எனக்குத் தெரியும். பழைய விளையாட்டு ஒரு பாஷையில் உத்தரவு போடும். பிளேஸ்டேஷன் 2-ன் சிப்புக்கு மட்டுமே புரிகிற பாஷை. இன்றைய போனுக்கு அந்த பாஷை தெரியாது. நடுவில் நின்று ஒவ்வொரு உத்தரவாக, விநாடிக்கு லட்சக்கணக்கில் மொழிபெயர்த்துச் சொல்கிறவன்தான் எமுலேட்டர். டூப்ளேக்ஸ் துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை செய்ததைத்தான் செய்கிறான். துபாஷி சரக்கைத் திருடியதாக எந்தக் கணக்கிலும் இல்லை. சரக்கு வேறு, துபாஷி வேறு.

இது என் சொந்த வியாக்கியானம் இல்லை. சோனி கம்பெனியே அமெரிக்காவில் வழக்குப் போட்டுப் பார்த்தது. கனெக்டிக்ஸ் என்ற சிறு கம்பெனி, முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டர் செய்து விற்றது. 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு இயந்திரத்தை ஆராய்ந்து அதுபோல நடக்கும் புது நிரல் எழுதுவது குற்றமில்லை என்றது. ஐபோன் விற்கும் ஆப்பிள் கம்பெனியும் 2024 ஏப்ரலில் தன் கடையில் இந்த எமுலேட்டர்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. நம் நாட்டில் 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவன், அது சேதமானால் இழக்காமல் இருக்க, அதே உபயோகத்துக்காக ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. முப்பத்துநாலு வருடம் அரசாணை படித்தவன் நான். பிரிவைப் படிக்காமல் கரையில் நின்று தீர்ப்புச் சொல்வது எனக்கு வராது.

அதே சமயம் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரோ இணையத்தில் ஏற்றிவைத்த தட்டை இறக்கிக்கொள்வது இந்தச் சட்டத்துக்குள் வராது. பர்மா பஜார் தட்டும் வராது. ஆகவே பேரனிடம், "நம்ம வீட்டுத் தட்டு ஒண்ணுதான். மத்ததைத் தொடாதே" என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் கோபம். எனக்கும் சங்கடம்தான். 2024 மார்ச்சில் நின்டென்டோ கம்பெனி, யூசு என்ற எமுலேட்டரைச் செய்தவர்களை 24 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொள்ள வைத்தது. அது கடையில் அன்று விற்றுக்கொண்டிருந்த பெட்டிக்கான எமுலேட்டர். விற்கிறவன் வயிற்றில் அடிக்காதே என்று அவன் கேட்பதில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. என் வழக்கு அதுவல்ல. செய்தவனே விற்பதை நிறுத்திய சரக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தப் பழைய தட்டுகளை இன்று பதுக்கி வைத்து விற்பவர்கள் கேட்கும் விலைக்கு என் ஒரு மாத பென்ஷன் காணாது. அந்தப் பணத்தில் ஒரு பைசா, விளையாட்டைச் செய்தவனுக்குப் போகிறதா? போவதில்லை.

அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றைக் காக்க ஒரு அறக்கட்டளை இருக்கிறது. 2023-ல் அவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2010-க்கு முன் அந்த நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைக்காது. புத்தகக் கடையில் நூற்றுக்கு 87 புத்தகம் காணாமல் போனால் நம் தலைமையாசிரியர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிடுவார். அங்கே நூலகங்கள் என்ன கேட்டன? அச்சில் இல்லாத விளையாட்டை, ஆராய்ச்சி செய்பவன் தன் ஊரிலிருந்தே பார்க்க விடுங்கள் என்று. 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்று சொல்லிவிட்டது. பொழுதுபோக்குக்குப் பயன்படுத்திவிடுவார்களாம்! நூலகத்தில் நாவல் வாங்கிப் போகிறவன் எதற்காகப் படிக்கிறான், தண்டனைக்காகவா?

கம்பெனிக்காரனே பத்திரமாக வைத்திருப்பான், நமக்கென்ன என்பவர்களுக்கு இந்த சைலண்ட் ஹில் 2 கதையே போதும். 2012-ல் கொனாமி இதையும் மூன்றாம் பாகத்தையும் புதுப்பெட்டிகளுக்காக மெருகேற்றி வெளியிட்டது. மெருகேற்றும் வேலையை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மூல நிரலைக் கேட்டபோது இறுதிப் பிரதி இல்லை. பாதி வேலையில் இருந்த பழைய பிரதிதான் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கோப்பைத் தொலைத்திருக்கிறார்கள்! தாலுகா ஆபீஸில் இப்படி நடந்தால் 17(பி) குற்றச்சாட்டுதான். வேறு வழியில்லாமல் அரைகுறைப் பிரதியிலிருந்து தேற்றினார்கள். வெளிவந்தபோது அந்த ஊரின் பனிமூட்டமே பிசகியிருந்தது. பனிதான் அந்தக் கதைக்கு உயிர். முதல் பாகம் வந்த 1999-ல் அந்தச் சின்னப் பெட்டிக்குத் தூரத்துக் கட்டிடங்களை வரையச் சக்தி போதாது. அந்தக் குறையை மறைக்கப் பனியைப் போட்டார்கள், பனியே பயமாகிவிட்டது. அதை விளங்கிக்கொள்ளாமல் துடைத்தால் என்ன மிஞ்சும்? அசலை வைத்திருந்த ரசிகர்கள்தான் கம்ப்யூட்டர் பிரதியை வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் பழுதுபார்த்து மீட்டார்கள்.

இதே கொனாமி 2014-ல் 'பி.டி.' என்று ஒரு சிறு பேய் விளையாட்டை இலவசமாக விட்டது. ஒரு வீட்டு நடைபாதை, ஒரு திருப்பம், மீண்டும் அதே நடைபாதை. அவ்வளவுதான். உலகமே நடுங்கியது. அடுத்த வருடம் கம்பெனிக்குள் தகராறு, கடையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். முன்பு இறக்கியவர்கள்கூட மறுபடி இறக்க முடியாதபடி செய்தார்கள். 1989-ல் கேப்காம் செய்த 'ஸ்வீட் ஹோம்' ஜப்பானுக்கு வெளியே விற்பனைக்கே வரவில்லை. பிற்பாடு உலகம் முழுக்க விற்ற 'ரெசிடெண்ட் ஈவில்' அதன் வித்திலிருந்து முளைத்ததுதான். ஜப்பானியம் தெரியாத ஒருவன் அந்த வித்தைப் பார்க்க வேண்டுமானால் எமுலேட்டரும் ரசிகர்களின் மொழிபெயர்ப்பும் அன்றி வழியில்லை.

தலைமையாசிரியரின் அடுத்த அம்பு: "போகட்டுமே சார். வெளையாட்டுதானே? குப்பையைப் போய்க் கட்டி அழணுமா?"

இந்தக் 'குப்பை' என்ற சொல்லுக்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சொல்லை நானும் உபயோகித்தவன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு அலுவலகத்தில் பதிவறை என் பொறுப்பில் இருந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கோப்பு முடிந்தால் அதற்கு ஒரு முத்திரை உண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்து வருடம், எல்.டிஸ். என்றால் ஒரு வருடம். வருடம் முடிந்ததும் அழிப்புப் பட்டியல் போட்டு, மேலதிகாரி கையெழுத்து வாங்கி, கிழித்துப் போட வேண்டும். அந்த வருடம் இடமில்லை, கறையான் வேறு. பழைய கட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்து, "இதெல்லாம் குப்பை" என்று சொல்லிப் பட்டியலில் சேர்த்தவன் நான். முத்திரை மங்கியிருந்தது. 'ஆர்' ஆ 'டி' ஆ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. 'டி' என்று எழுதினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு கிராமத்து முதியவர் வந்தார். தன் பணிக்காலத்துக்கு ஆதாரமான உத்தரவின் நகல் கேட்டார், ஓய்வூதியத்துக்காக. பதிவேட்டைப் பார்த்தேன். அந்தக் கட்டில் இருந்த எண். "அழிக்கப்பட்டது" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. துண்டை உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க சாமி" என்று போனார். மறுபடி வரவில்லை. ஒரு எழுத்து, தலைமையாசிரியர் அவர்களே.

எது குப்பை என்று அன்றைய ஆள் தீர்மானிக்கக் கூடாது என்பதை நான் அந்தத் துண்டிலிருந்து கற்றேன். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதன் பிரதி இன்று ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு சினிமா குப்பை. நம் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒரு விளம்பரப் பலகை எழுதும் கலைஞர் இருந்தார். எல்லோரும் தூக்கிப் போட்ட நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், குஜிலிப் பதிப்பு எல்லாவற்றையும் வாங்கி வாங்கி வீட்டை நிறைத்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வந்து வாங்கி, அதுதான் இன்று சென்னையில் ஆய்வாளர்கள் வரிசையில் நிற்கும் நூலகம். திருக்கோகர்ணத்தில் நாம் தினம் தாண்டிப் போகும் ஞானாலயா நூலகமும் அதே பைத்தியத்தில் பிறந்ததுதான். தலைமையாசிரியரே அங்கே போய்ப் பழைய சிற்றிதழ்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிற்றிதழ்களைப் பொட்டலம் மடித்த கடைக்காரர்களையும் நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

படியெடுப்பது நமக்குப் புதிதா? ஓலைக்கு ஆயுசு கொஞ்சம். செல்லரிக்கும் முன் புது ஓலையில் எழுதிக்கொண்டு, பழசை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். புதுசில் எழுதாமலே விட்டவைதான் போயின. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் படித்து விளக்கம் எழுதியவர்கள் எத்தனை பேர் மலையடிவாரத்தில் நின்று படித்தார்கள்? மைப்படியில் படித்தார்கள். 1929-ல் நம் சமஸ்தானம் கல்வெட்டு வாசகங்களைப் புத்தகமாகவே அச்சிட்டுவிட்டது. மேலே சொன்ன ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்கு வந்த கதியும் அதுவே. 1846-ல் புதுச்சேரியில் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தேடிக் கண்டெடுத்துப் படியெடுத்தார். ஆரியேல் என்பவர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. அசல் சுவடிகளில் சில பிற்பாடு தொலைந்தன, படிகள் இருந்தன. படியெடுத்தவனைத் திருடன் என்று ஏசியிருந்தால் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் மூச்சு நமக்குக் கேட்டிருக்காது.

பிரெஞ்சுக்காரன் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். எங்களை ஆண்டவன் என்பதால் அவன்மேல் எனக்கு வாஞ்சை கிடையாது, என் தகப்பனார் பட்டதெல்லாம் நினைவிருக்கிறது. ஆனாலும் 1537-ல் முதலாம் பிரான்சுவா ராஜா போட்ட உத்தரவு, அச்சடிக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அரசு நூலகத்துக்குத் தர வேண்டும் என்று. 1992-ல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்தபோது கம்ப்யூட்டர் நிரலையும் சேர்த்தார்கள். இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் ஆயிரக்கணக்கான வீடியோ விளையாட்டுகள், ஆடுவதற்கான பழைய பெட்டிகளோடு இருக்கின்றன. அதே 1992-ல் லியோன் நகரத்து இன்ஃபோகிராம் கம்பெனியில் ஃப்ரெடெரிக் ரேனால் என்பவர் 'அலோன் இன் தி டார்க்' செய்தார். பாழடைந்த பங்களா, மூலையில் நின்று பார்க்கும் காமிரா. ரெசிடெண்ட் ஈவில் வகையறாவுக்கு அது பெரியப்பா. அங்கே அலமாரியில் கிடக்கும் நோட்டுப் புத்தகங்களைப் பிரெஞ்சில் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூட மை வாசனை வந்தது. அதன் பிரதி பாரிஸில் இருக்கும். நம் சட்டம் 1954-ம் வருடத்தது. புத்தகம், பிறகு பத்திரிகை. கல்கத்தாவுக்கு ஒன்று, நம் கன்னிமாராவுக்கு ஒன்று என்று அனுப்ப வேண்டும். விளையாட்டு என்ற பேச்சே இல்லை. 2009-ல் ஹைதராபாத்தில் பிளேஸ்டேஷன் 2-க்கென்று நம் ஆட்கள் 'ஹனுமான்' என்று ஒரு விளையாட்டே செய்தார்கள். அது எந்த அரசு அலமாரியில் இருக்கிறது? அதற்கு சட்டம் யாரையும் கேட்கச் சொல்லவில்லை.

மூன்றாவதாக, பேய். பிள்ளைகள் பேயைப் பார்த்தால் கெட்டுவிடுவார்களாம். சொல்பவர் தமிழாசிரியர், கேட்பவன் காரைக்கால்காரன்! எங்கள் ஊர் அம்மை அழகை உதறிப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடியவர். வருடா வருடம் ஆனி மாதத்தில் மாங்கனி இறைத்துத் திருவிழா எடுக்கிறோம். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் சமைப்பதை இவரே முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்தியவர். அப்போது எந்தப் பிள்ளையும் கெட்டதாக அவர் ரிப்போர்ட் எழுதவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகள் ஆகாது என்பது சரி. உறையிலேயே வயது போட்டிருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடையாது என்பது என் வீட்டுச் சட்டம். ஆனால் பயம் என்பதையே பிள்ளைக்குக் காட்டாமல் வளர்ப்பேன் என்றால், முனி கோயில் வழியாக ராத்திரி நடந்து வந்த நம் தலைமுறை சிரிக்கும்.

என் தரப்பு ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பேரன் எமுலேட்டரில் ஏதோ ஒரு அமைப்பை நாலு மடங்காக்கினான். படம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சுவரில் இருந்த அழுக்கும் துருவும் வழுக்கி, நாயகன் ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி நின்றான். "பழையபடி வை" என்றேன். "தாத்தா, இதுதான் கிளியரா இருக்கு." "கிளியரா இருந்தா பயம் எங்கடா இருக்கும்?" துபாஷி தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. இப்போது அசல் அளவில்தான் ஆடுகிறான். கண்ணாடித் திரையில் விரலால் தேய்த்து ஆடுவதும் கொடுமை. புளூடூத் கண்ட்ரோலர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

தலைமையாசிரியர் கரையோடு நிற்கவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் மகனுக்கு வாட்ஸப்பில் செய்தி போட்டுவிட்டார். அவர் நல்லெண்ணம். மகன் போன் செய்தான்.

"அப்பா, அதெல்லாம் அழிச்சிருங்கப்பா. அந்த கேமைப் புதுசாவே எடுத்திருக்காங்க, போன வருஷம் வந்துச்சு. லீவுல வர்றப்ப அவனுக்கு வாங்கிட்டு வர்றேன்."

உண்மைதான். 2024 அக்டோபரில் போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்று சைலண்ட் ஹில் 2-ஐ முதலிலிருந்து திரும்ப எடுத்திருக்கிறது. நன்றாகவே இருக்கிறது என்கிறார்கள். வாங்கி வரட்டும், பேரனுக்கு நல்லதுதான். ஆனால் ஒரு படத்தைத் திரும்ப எடுத்தார்கள் என்பதற்காகப் பழைய படத்தின் பிலிமைக் கொளுத்துவோமா? அவன் இப்போது வாங்கப்போகும் பெட்டியில் என் 2001 தட்டைப் போட்டால் அதற்கு அது என்னவென்றே தெரியாது.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கில்லப்பா. அந்தக் கதை... நீங்க தனியா உட்கார்ந்து பார்க்க வேணாம்னு" என்றான்.

கதை தெரியாதவர்களுக்கு: நாயகனுக்கு ஒரு கடிதம் வருகிறது. நாம் சந்தோஷமாக இருந்த அந்த ஊரில் உனக்காகக் காத்திருக்கிறேன், வா என்று. எழுதியவள் அவன் மனைவி. அவள் நோயில் படுத்து இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் போகிறான். அதற்குமேல் சொல்ல மாட்டேன். 2006-ல் இதை என் மனைவி அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். 2016-ல் அவள் போய்விட்டாள்.

மகனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை. ஆனால் ஒன்று செய்தேன். கீழ ராஜ வீதிப் பையன் பயாஸை எடுத்தபோது பழைய மெமரி கார்டில் இருந்ததையும் சேர்த்தே படியெடுத்திருந்தான். எட்டு எம்.பி. கார்டு, கஜா மழையில் நனைந்தது. பேரன் அதைத் திறந்தான். மகன் கடைசியாக நிறுத்திய இடம் இருந்தது, தேதி 2006. ஆஸ்பத்திரிக்குள், சுவரில் அந்தச் சிவப்புச் சதுரத்துக்கு எதிரே நாயகன் நின்றான். மறுநாள் காலை சிங்கப்பூர் விமானம் என்று மகன் அவசரமாக அணைத்த ராத்திரி.

வீடியோ காலில் மகனுக்குக் காட்டினோம். பேரன் நகர ஆரம்பித்ததும் ரேடியோ இரைந்தது.

"டேய், பின்னாடி பாரு" என்றான் மகன்.

அழிக்கச் சொன்னதை அவன் மறுபடி எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பிள்ளைகள் விட்டுப்போன டி.வி. கேம் பெட்டி, மஞ்சள் சிவப்பு கேசட்டு, பிளேஸ்டேஷன் தட்டு, மெமரி கார்டு எதுவும் கிடக்கலாம். ஓடவில்லை என்று பழைய இரும்புக்காரரிடம் கிலோவுக்குப் போட்டுவிடாதீர்கள். தட்டை மல் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கேசட்டை உலர்ந்த டப்பாவில் போட்டு வையுங்கள், பாச்சா உருண்டை வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். ஏணி பிடிக்க ஆள் இல்லாதவர்கள் தலைமையாசிரியரைக் கூப்பிடலாம், தினம் ஆறு மணிக்குப் புதுக்குளத்தில் இருப்பார்.